கணக்கில் எழுதாத கொடை



கொடுத்தவர் பெயரால் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு சொற்பொழிவில், கொடுத்தவர் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று சொன்ன இயேசுவைப் பற்றிப் பேசுவது சற்றுச் சங்கடமான காரியம். அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். தலைப்புக்கு ஒப்புதல் தந்தவர்களும் அவர்களே என்பதால் துணிந்து பேசுகிறேன்.

ஆடி மாதத்தில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்துக்குப் போனவர்களுக்கு மொய் விருந்து தெரிந்திருக்கும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தல் போட்டு, ஒரே பத்திரிகை அடித்து, கறிச்சோறு போடுவார்கள். சாப்பிட்டு எழுந்தவர் கை கழுவிவிட்டு நேரே மேசைக்குப் போவார். மேசையில் நோட்டு இருக்கும். யார், எந்த ஊர், எவ்வளவு என்று எழுதுவார்கள். போன தடவை நாம் அவருக்குச் செய்தது எவ்வளவு, இப்போது அவர் நமக்குச் செய்தது எவ்வளவு என்பதை வீட்டுப் பெண்கள் அன்றிரவே பார்த்துவிடுவார்கள். வாங்கியதைத் திருப்பிச் செய்யாதவர் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. இதை நான் குறை சொல்லவில்லை. வங்கிக்குப் போக முடியாத எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த நோட்டுதான் ஆழ்துளைக் கிணறும் மகளின் கல்யாணமும். ஆனால் அந்தப் பந்தலுக்கு ஒரு விதி உண்டு. திருப்பிச் செய்ய வக்கில்லாதவருக்குப் பத்திரிகை போகாது.

லூக்கா எழுதிய நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் இயேசு போய் உட்காருவது ஏறக்குறைய இப்படிப்பட்ட ஒரு பந்தியில். ஓய்வுநாள், பரிசேயர் தலைவர் ஒருவரின் வீடு, முதலிடத்துக்கு முண்டியடிக்கும் விருந்தினர். சாப்பிடப் போனவர் சாப்பிட்டுவிட்டுச் சும்மா வரவில்லை. விருந்து வைத்தவரைப் பார்த்தே சொல்கிறார்: நண்பரையும் சகோதரரையும் உறவுக்காரரையும் பணக்கார அண்டை வீட்டாரையும் கூப்பிடாதே, அவர்கள் உன்னைத் திரும்பக் கூப்பிட்டுக் கடனைத் தீர்த்துவிடுவார்கள், ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் கூப்பிடு, அவர்களிடம் திருப்பிச் செய்ய ஒன்றும் இல்லை. கூப்பிடக் கூடாதவர்கள் என்று அவர் அடுக்கிய அத்தனை பேரும் அப்போது அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். பந்தியில் என்ன அமைதி நிலவியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உடனே ஒருவர் கடவுளின் ஆட்சியில் விருந்துண்பவர் பாக்கியவான் என்று பக்தியாக ஒரு வார்த்தை சொல்லிப் பேச்சை மாற்றப் பார்க்கிறார். இந்த ஆள் நம் சபைக் கமிட்டிகளில் இன்றும் உறுப்பினராக இருக்கிறார்.

அந்தப் பேச்சு அன்றைக்கு எவ்வளவு புதிதாகக் கேட்டிருக்கும் என்பதற்கு ரோமாபுரியைப் பார்க்க வேண்டும். விடிந்ததும் சிறிய மனிதர்கள் பெரிய மனிதர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். கும்பிடு போட வேண்டும். அவர் தெருவில் இறங்கினால் பின்னாலேயே கூட்டமாக நடக்க வேண்டும். அதற்குக் கூலி ஒரு சிறு கூடை உணவு, அல்லது அதற்கீடாகக் கொஞ்சம் காசு. ஊருக்கே விருந்து வைத்த செல்வர் கல்வெட்டும் வைத்துவிடுவார். இத்தாலியில் கிடைத்த கல்வெட்டுகள் பலவற்றில் பங்கீடு தெளிவாக இருக்கிறது: நகரசபை உறுப்பினருக்கு அதிகம், சாதாரணக் குடிமகனுக்குக் குறைவு. இருப்பவனுக்குத்தான் கூடுதல். செனெகா கொடையைப் பற்றியே ஏழு பகுதிகள் எழுதினார். நன்றி மறந்தவனுக்கும் கொடு என்று சொல்லும் அளவுக்குப் போனார். ஆனாலும் அவர் கண்முன் இருந்தவர்கள் பெரும்பாலும் தம் வட்டத்து மனிதர்கள்தாம். தெருவோரத்துக் குருடனை அந்த நூலில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நமக்கு இது புதிதல்ல என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஈகை அதிகாரத்தை வள்ளுவர் தொடங்குவதே அங்கிருந்துதான். இல்லாதவருக்குக் கொடுப்பது மட்டுமே அவர் கணக்கில் கொடை, மற்றதெல்லாம் எதிர்பார்த்துச் செய்வது. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் இன்னும் மேலே போகிறார். ஆய் அண்டிரன் மறுபிறப்பில் பலன் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் என்று புறநானூற்றில் பாடுகிறார். இந்த இடத்தில் லூக்கா 14-ஐப் படிக்கும் தமிழனுக்கு ஒரு நெருடல் வரத்தான் செய்யும். ஏழைகள் உனக்குத் திருப்பிச் செய்யாவிட்டாலும் நீதிமான்களின் உயிர்த்தெழுதலில் உனக்கு ஈடு கிடைக்கும் என்றல்லவா இயேசு முடிக்கிறார்? ஆய் வேண்டாம் என்று தள்ளியதை இவர் வாக்களிக்கிறாரே?

இதை மழுப்ப நான் விரும்பவில்லை. இந்த வாக்கை வைத்துக்கொண்டு திருச்சபை நிறையவே வியாபாரம் செய்திருக்கிறது. ஏழைக்குத் தருவது கடவுளுக்குக் கடன் தருவது என்று நீதிமொழிகளில் ஒரு கருத்து உண்டு. நான்காம் நூற்றாண்டுப் பிரசங்கிகள் அதைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு நல்ல வட்டி வேறெங்கே கிடைக்கும் என்கிற அளவுக்குப் பேசினார்கள். ஆய் அண்டிரன் வாசலில் அந்தப் பேச்சு எடுபட்டிருக்காது. ஆனால் ஈடு மறுமைக்குத் தள்ளிப்போனதால் இம்மையில் ஒரு காரியம் நடக்கிறது. வாங்கியவர் பெயர் கடன் பட்டியலிலிருந்து அடிபட்டுப் போகிறது. கொடுத்தவருக்கு வரவு எங்கிருந்து வந்தாலும் வாங்கியவரிடமிருந்து வரக்கூடாது. காசாகவும் வரக்கூடாது, கும்பிடாகவும் வரக்கூடாது. திருப்பித் தர இயலாதவருக்குக் கொடு என்று சொன்னால், அவரைக் கடனாளி ஆக்காதே என்றுதான் பொருள். இன்று நான் சொல்ல வந்தது இதை மட்டும்தான். சொல்வது சுலபம். சபை வரலாற்றில் இதைச் செய்து பார்த்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

முதல் சிக்கல் எருசலேமிலேயே வந்துவிட்டது. அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. நல்ல காரியம் தொடங்கிய சில நாட்களிலேயே நம்ம ஆள், அடுத்த ஆள் என்ற பேதம்! ஏழு பேரை நியமித்துச் சரிசெய்தார்கள். 251-இல் ரோமாபுரிப் பேராயர் கொர்நேலியு எழுதிய கடிதம் ஒன்றின் பகுதியை யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் காப்பாற்றி வைத்திருக்கிறார். அதில் 46 குருமார், 7 திருத்தொண்டர் என்று சபையின் ஆட்பட்டியல் வருகிறது. கடைசியில் சபை உணவளித்துக் காக்கும் விதவைகளும் இல்லாதவர்களும் 1,500-க்கு மேல் என்கிறார். அந்த மதம் அப்போது சட்டப்படி செல்லுபடியான மதமே அல்ல.

எதிரியின் வாயிலிருந்து வரும் சாட்சி இன்னும் சுவையானது. 361 முதல் 363 வரை ஆண்ட பேரரசர் ஜூலியன் கிறிஸ்தவத்தைக் கைவிட்டு, பழைய தெய்வ வழிபாட்டைத் தூக்கி நிறுத்தப் பார்த்தவர். கலாத்தியாவின் தலைமைப் பூசாரி அர்சாக்கியுசுக்கு அவர் எழுதியதாக வரலாற்றாசிரியர் சோசோமென் ஒரு கடிதத்தைத் தருகிறார். இந்தக் கலிலேயர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நம் ஆட்கள் நம்மிடம் உதவியில்லாமல் நிற்பது வெட்கக்கேடு என்று அதில் புலம்புகிறார். நகரந்தோறும் சத்திரம் கட்டு என்கிறார். ஆண்டுக்கு 30,000 மோதியுஸ் தானியமும் 60,000 அளவை திராட்சை மதுவும் ஒதுக்குகிறார். ஐந்தில் ஒரு பங்கு பூசாரிகளுக்கு ஊழியம் செய்யும் ஏழைகளுக்கு, மிச்சமெல்லாம் வழிப்போக்கருக்கும் இரப்பவருக்கும். நல்ல ஆணைதான். ஆனால் கணக்கு எங்கே தொடங்குகிறது பாருங்கள்: அவர்கள் வாங்கிய பெயரை நாமும் வாங்க வேண்டும் என்பதில்.

ஜூலியன் ஏதென்சில் படித்த காலத்தில் அங்கே படித்துக்கொண்டிருந்த இன்னொருவர் பசிலியார். 369-இல் கப்பதோக்கியாவில் கடும் பஞ்சம். செசரியா நகரம், இன்றைய துருக்கியின் கைசேரி, கடலிலிருந்து வெகுதூரம். கடற்கரை ஊருக்குக் கப்பலில் தானியம் வரும். மலைநாட்டு ஊருக்கு எங்கிருந்து வரும்? இருந்த தானியத்தையும் வியாபாரிகள் பூட்டி வைத்தார்கள். பசிலியார் அப்போது பேராயர்கூட அல்ல, குருதான். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த பணக்காரன் உவமையை எடுத்துக்கொண்டு அவர் செய்த பிரசங்கம் கிடைக்கிறது. அதில் ஒரு தகப்பன் வருகிறான். வீட்டில் எல்லாம் தீர்ந்துபோய், பிள்ளைகளில் ஒன்றைச் சந்தையில் விற்றால்தான் மற்றவர்கள் பிழைக்கலாம் என்ற நிலை. எதை விற்பது? மூத்ததையா? சிறியதையா? ஒன்று பெற்றோரை உரித்து வைத்திருக்கிறது, இன்னொன்று படிப்பில் கெட்டி. கண்ணீரோடு ஒன்றைக் கொண்டுவருகிறான். தானியம் வைத்திருப்பவன் அப்போதும் விலை பேசுகிறான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் தானியம் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். இப்படி ஒரு பிரசங்கத்தை முன்வரிசைக் காணிக்கைக்காரர் முகத்துக்கு நேரே செய்யும் துணிச்சல் இன்று எத்தனை பேருக்கு உண்டு என்று ஆயர் பெருமக்களைத்தான் கேட்க வேண்டும்.

பூட்டுகள் திறந்தன. பசிலியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பருப்புவகைக் கஞ்சியும் உப்பிட்ட இறைச்சியும் கொண்ட அண்டாக்களை வைத்துப் பரிமாறினார் என்று அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரியார் இரங்கல் உரையில் சொல்கிறார். இதோடு நின்றிருந்தால் இது பஞ்சகாலத்துக் கஞ்சித்தொட்டிக் கதை. 370-இல் பேராயரான பிறகு அவர் நகருக்கு வெளியே ஒரு வளாகமே கட்டினார். வழிப்போக்கருக்குத் தங்கும் இடம், நோயாளிக்கு மருத்துவர், பணிவிடைக்கு ஆட்கள், பொதிமாடுகள், வழித்துணை, பட்டறைகள். இந்த விவரமெல்லாம் நமக்குத் தெரிவது ஒரு கோள்மூட்டலால். யாரோ ஆளுநர் எலியாவிடம் வத்தி வைத்துவிட, இதனால் அரசுக்கு என்ன நட்டம் என்று கேட்டு பசிலியார் எழுதிய விளக்கக் கடிதத்தில்தான் இந்தப் பட்டியல் இருக்கிறது. கிரகோரியார் அதைப் புதிய நகரம் என்றார். உறவுகளே துரத்திவிட்ட தொழுநோயாளிகளை அங்கே பசிலியார் முத்தமிட்டு வரவேற்றார் என்கிறார்.

கஞ்சி ஊற்றுபவரின் முகம் வாங்குபவருக்குத் தெரியும். நாளைக்கு அந்த முகத்தைத் தெருவில் பார்த்தால் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மருத்துவரிடம் அந்தத் தொல்லை இல்லை. கட்டில் காலியாக இருந்தால் படுக்கலாம். கொடையை நிறுவனமாக்கியதில் பசிலியாரின் பெரிய சாதனை இதுவென்று நினைக்கிறேன். என்ன செய்ய, ஊர் அந்த வளாகத்துக்கு அவர் பெயரையே வைத்து பசிலேயாஸ் என்று அழைத்தது.

நிறுவனம் வந்ததும் தகுதி பார்ப்பதும் வந்தது. உண்மையான தேவையுள்ளவன் யார், ஊர் சுற்றிப் பிழைப்பவன் யார் என்று கண்டறியப் பழகிய கண் வேண்டும் என்று பசிலியார் நினைத்தார். அந்தியோக்கியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம் இதற்கு நேரெதிர். அந்தச் சபையின் பட்டியலில் நாள்தோறும் உதவி பெறும் விதவைகளும் கன்னியரும் மட்டுமே 3,000 பேர். அவ்வளவு பெரிய பட்டியலை அறிந்தவர், வாசலில் நிற்பவனின் சாதகத்தைக் கேட்காதே, அவன் பசியே அவன் தகுதி என்றார். நான் வாசலில் கிறிசோஸ்தோம் கட்சி, அலுவலகத்தில் பசிலியார் கட்சி. பொதுப்பணத்தைக் கையாளுகிறவன் கேட்கத்தான் வேண்டும். சொந்தப் பையிலிருந்து பத்து ரூபாய் எடுக்கிறவன் விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டியதில்லை.

இனி நம் மாகாணத்துக்கு வருகிறேன். இங்கே கேள்வி வேறு வடிவம் எடுத்தது. வாங்கியவர் திருப்பித் தருவது மதமாற்றமாக இருந்தால்? இதை இந்த அவையில் பேசாமல் போனால் அது நேர்மையல்ல. தாது வருஷப் பஞ்சத்தின்போது, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த ஓங்கோலில் ஜான் கிளவ் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி இருந்தார். பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் நீளத்தை வெட்டும் ஒப்பந்தத்தை அவரே எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை கொடுத்தார். கூலி என்றால் கூலி. யாருக்கும் யாரும் கடன்பட்டதில்லை. ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களுக்கு நிவாரணப் பணி முடியும்வரை தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வேண்டாம் என்பதே காரணம். பணி முடிந்தபின் 1878 ஜூலை 3-ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். மிஷன் வரலாறுகள் இந்த எண்ணைக் கொண்டாடும். எனக்கு அந்த எண்ணைவிட அதற்கு முந்தைய மறுப்புத்தான் பெரிதாகப் படுகிறது. அந்தக் கூட்டத்தில் நன்றிக்காக வந்தவர் எவ்வளவு, நம்பி வந்தவர் எவ்வளவு, தீண்டாமையின் பிடியிலிருந்து விலகி மனிதனாய் நிற்க வந்தவர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் கிளவ் கணக்கை வெளிப்படையாகவே இரண்டாகப் பிரித்து வைத்தார். எல்லா மிஷன்களும் அப்படி வைக்கவில்லை.

அடுத்தது வேலூர். ஐடா ஸ்கடர் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், அடுத்த ஆண்டு தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேனோடு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். கொக்கிபோல் மடங்கிய விரல்கள் கொண்ட ஒரு நோயாளியின் கையில் தம் கையைக் கொடுத்து, அழுத்து என்றார். பிடி இரும்பாக இருந்தது, பிராண்டுக்கு வலித்தது. செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த கையில் உயிருள்ள தசைகள் இருந்தன. அந்தத் தசைகளின் நாணை எடுத்து, செயலிழந்த விரல்களுக்கு மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சையை அவர் உருவாக்கினார். விரல்கள் நிமிர்ந்தன.

பிறகு நடந்ததைப் பிராண்டே பலமுறை சொல்லியிருக்கிறார். குணமாகிப் போனவர் திரும்பி வந்து, இந்தக் கை பிச்சை எடுக்க உதவாத கை என்றார். முன்பு மடங்கிய விரல்களைப் பார்த்துக் காசு போட்டவர்கள் இப்போது போடவில்லை. தழும்பைப் பார்த்து வேலை கொடுக்கவும் ஆளில்லை, தங்க இடம் கொடுக்கவும் ஆளில்லை. கொடுத்தவர்கள் கொடுத்ததைப் பெரிதாக நினைத்திருக்கலாம். வாங்கியவர் வீட்டு அடுப்பு அணைந்துவிட்டது. வேறு மருத்துவராக இருந்தால் நன்றி கெட்டவன் என்று சொல்லியிருப்பார். பிராண்ட் தம் கொடை பாதியில் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டார். 1951-இல் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு உருவானது. மண்குடிசைகள், ஒரு தச்சுப் பட்டறை. பிராண்ட் மருத்துவம் படிக்குமுன் தச்சு, கட்டட வேலை கற்றவர். உளியும் ரம்பமும் அவருக்குப் புதிதல்ல. உணர்ச்சியற்ற விரல்கள் புண்படாமல் கருவியைப் பிடிக்கும் விதத்தை நோயாளிகளோடு உட்கார்ந்தே கண்டுபிடித்தார். மரப்பொம்மை செய்தார்கள், விற்றார்கள். பசிலியாரின் கடிதத்தில் இருந்த பட்டறைகள் இங்கே மறுபடி வருகின்றன.

நன்றியே கூடாதா என்று கேட்பீர்கள். அதே லூக்காவின் 17-ஆம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளிகள் குணமாகிறார்கள். நன்றி சொல்லத் திரும்பி வந்தவர் ஒருவர், அவரும் சமாரியர். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார். வருத்தம் இருந்திருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒன்பது பேரின் தோலில் நோய் திரும்ப வந்ததாக லூக்கா எழுதவில்லை. தானாக வரும் நன்றி அழகு. கேட்டு வாங்கும் நன்றி வட்டி.

நாம் கேட்டு வாங்குகிறோம். விடுதிகளில் வெளிநாட்டு நன்கொடையாளர் செலவில் படிக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் கடிதம் எழுத வேண்டும். வார்டன் கரும்பலகையில் மாதிரிக் கடிதத்தை எழுதிப் போடுவார். ஓரத்தில் பூப்படம் வரையச் சொல்வார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை, முகம் தெரியாத ஒருவருக்குத் தன் மதிப்பெண்ணையும் ஜெபத்தையும் ஒப்புக்கொடுத்துக் கையெழுத்துப் போடும். காசில்லாத பிள்ளையிடமிருந்து வசூலிக்கக்கூடிய ஒரே நாணயத்தை வசூலித்துவிடுகிறோம். கிறிஸ்துமசுக்கு முந்தின ஞாயிறு பல சபைகளில் விதவைகளுக்குச் சேலை கொடுக்கிறார்கள். பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக மேடையேற வேண்டும். சேலையின் ஒரு முனையை நன்கொடையாளர் பிடித்திருப்பார், மறுமுனையை அந்த அம்மா பிடித்திருப்பார், கேமரா வரும்வரை இருவரும் விடமாட்டார்கள். வரிசையில் நிற்கும் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். ஒரு காலத்தில் அதே சபையின் அசனம் என்ற பொது விருந்துக்கு அரிசி மூட்டை கொடுத்த குடும்பமாகவும் இருக்கலாம். நெல்லைச் சீமையின் அசனப் பண்டிகையில் இந்தக் கொடுமை கிடையாது. பண்ணையாரும் கூலிக்காரரும் ஒரே சோற்றைத்தான் சாப்பிடுகிறார்கள். யார் கொடுத்த அரிசி என்று இலையில் எழுதியிருக்காது. நம் கையில் ஏற்கெனவே இருக்கும் நல்ல வழக்கம் அது.

ஆகவே சபைக் கமிட்டி உறுப்பினர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. இந்த ஆண்டு சேலைக்கு மேடை வேண்டாம், ஃபிளக்ஸ் வேண்டாம். பட்டியல் ஆயரிடமும் பொருளாளரிடமும் மட்டும் இருக்கட்டும்; கணக்கைத் தணிக்கையாளர் பார்க்கட்டும். டிசம்பர் முதல் வாரத்திலேயே ஜவுளிக்கடையில் சொல்லிவைத்து, அந்தப் பெண்கள் தாங்களே போய்ப் பிடித்த நிறத்தில் சேலை எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். விடுதி நடத்துகிறவர்கள் அடுத்த கல்வியாண்டிலிருந்து அந்தக் கடிதத்தை நிறுத்துங்கள். நன்கொடையாளருக்கு விடுதியின் கணக்கறிக்கையை அனுப்பினால் போதும்.